அப்பாவின் ரத்த அழுத்தப் பரீட்சை

எண்பதுகளில் நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது, வருஷத்தில் ஒரு வாரம் எங்கள் வீட்டில் உப்புக்குத் தடை. காரணம், ஒரு புள்ளியியல் பேராசிரியர். ஒரே ஆட்களை வருஷா வருஷம் தேடி வந்து ரத்த அழுத்தமும் எடையும் பார்த்து, வயது ஏற ஏற உடம்பு எப்படி மாறுகிறது என்று கணக்குப் போடுவது அவருடைய ஆராய்ச்சி. எங்கள் வரிசை வீடுகளின் ஆண்கள் எல்லோரும் அதில் சேர்ந்திருந்தார்கள்.

அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. பதவி உயர்வுக்குப் பரீட்சை எழுதி எழுதியே தலை நரைத்தவர். யார் வந்து எதை அளந்து எழுதிக்கொண்டு போனாலும் அவருக்கு அது பரீட்சைதான். தேதி சொல்லி அட்டை வந்ததும் தயாரிப்பு ஆரம்பமாகிவிடும். காலையில் பாகற்காய்ச் சாறு, மத்தியானம் கஞ்சி, ராத்திரி பூண்டு. ரத்தம் கொதிக்கக்கூடாது என்று டிவியில் கால்பந்து கிடையாது. அந்த வாரம் நான் என்ன மார்க் வாங்கினாலும் திட்டு விழாது என்பதால், கணக்குத் தாளில் அப்போதுதான் கையெழுத்து வாங்குவேன். அதோடு விட்டாரா? அக்கம்பக்கத்து ஆண்களைக் கூட்டி வைத்து டியூஷன் வேறு எடுத்தார்.

"ஒரு வாரத்துக்கு அந்த உப்பு பிளாச்சான் சம்பல் பக்கமே போவக்கூடாது லா. பொண்டாட்டிகிட்ட சண்டையும் வேணாம். அப்புறமா போட்டுக்கலாம்."

பேராசிரியர் வந்தார். அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் உருண்டையை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"போன வருஷமும் இதேதான், அதுக்கு முன்னாடியும் இதேதான். இந்த வரிசையில யாருக்குமே வயசு ஏறலையா அண்ணே?"

வரைபடத்தில் எல்லோருடைய கோடும் தண்டவாளம் மாதிரி நேராகப் போகிறதாம். பாவம், மனிதர் நொந்துபோயிருந்தார். அப்பாவுக்கோ பெருமை தாங்கவில்லை. "ரயில்வேக்காரங்க சார், அப்படித்தான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. மற்ற நாட்களில் அப்பா குளித்துவிட்டு வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். கிளினிக்குக்குப் போகச் சொன்னால், "புரொபசரே பாஸ் போட்டுட்டாரு, டாக்டர் எதுக்கு?" என்பார். தான் செய்த ஏமாற்றைத் தானே நம்பிக்கொண்டிருந்தார், இந்தப் புத்திசாலி.

அன்று பேராசிரியரை வழியனுப்பப் போன அம்மா, கேட்டருகே முறுக்குப் பையை அவர் கையில் திணித்தாள்.

"அடுத்த வருஷம் அட்டை போடாதீங்க சார். சொல்லாம கொள்ளாம வாங்க."

அவர் முழித்தார். அம்மா பாகற்காயில் ஆரம்பித்து எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வந்து நின்றார். கிள்ளானிலிருந்து மாமா கொண்டுவந்த நண்டு அன்றைக்குக் குழம்பாகியிருந்தது. அப்பா கையும் வாயுமாக இருந்தார். பேராசிரியர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அப்பா சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் ஓய்வெடுத்த பிறகு பட்டையைச் சுற்றி அளந்தார். கோடு கடைசியில் அசைந்துவிட்டது என்று அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. திரும்ப அளந்தார். மலர்ச்சி போய்விட்டது.

"அண்ணே, சட்டைய மாட்டுங்க. என் கார்லயே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம்."

"டைம்டேபிள் குடுக்காம எந்த ஊர்ல சார் பரீட்சை வெக்கிறாங்க? இது செல்லாது லா!" அப்பா எகிறினார். "யாரு சொல்லிக் குடுத்தது உங்களுக்கு?"

"நான்தான்," என்றாள் அம்மா. "பாஸாகி பாஸாகி ஒரு நாளு பாத்ரூம்ல விழுந்து கெடப்பீங்க. உங்க மார்க்க வெச்சிக்கிட்டு நான் என்னா பண்றது? எனக்கு நீங்க வேணும்."

அம்மா அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. அதுவும் அந்நியர் முன்னால். பேராசிரியர் நண்டு ஓடுகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை முட்டியது. அப்பா எழுந்து கை கழுவிவிட்டுப் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கியபின்தான் வாய் திறந்தார். "மிச்ச நண்ட யாருக்கும் குடுத்துறாத. வந்து சாப்பிடுவேன்."

"வாங்க, வாங்க. வந்தா போதும்" என்றாள் அம்மா.

கார் முனை திரும்பியதும் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். பிறகு வந்து, உப்புப் போடாமல் கஞ்சிக்கு உலை வைத்தாள்.