வரிக்கு நான் எந்த ஊர்க்காரன்?

பெங்களூர் விமான நிலையத்திலிருந்து எங்களை ஏற்றிக்கொண்டு வந்த வாடகைக் கார், அத்திப்பள்ளியைத் தாண்டி மாநில எல்லையில் நின்றது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "சார், செத்த இருங்க. டாக்ஸ் கட்டிட்டு ஓடியாந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் சோதனைச் சாவடியை நோக்கி ஓடினார். என் பக்கத்தில் இருந்த யூர்கன் உடனே பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டார். ஜெர்மனியில் நானும் அவரும் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறோம். இது வேறு நாடு இல்லை, வேறு மாநிலம்தான் என்றேன். "அப்படியானால் எதற்கு வரி?" என்று கேட்டார். வண்டிக்கு என்றேன். அவர் நம்பவில்லை. ஜெர்மனியில் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கடை திறக்காவிட்டால் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பிரான்சுக்குப் போய் வாங்கி வருவோம். நிற்கச் சொல்ல அங்கே யாரும் கிடையாது. பாலம் முடியும் இடத்தில் ஒரு பலகை மட்டும் இருக்கும். கல்லூரிக்குப் போன காலத்தில் இந்த அத்திப்பள்ளி எல்லையை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்தவன் நான். முதல் முறையாக அன்றைக்குத்தான் அது ஒரு எல்லையாக என் கண்ணில் பட்டது.

என் அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து சிப்காட் வேலைக்காக ஓசூருக்கு வந்தவர். ஓய்வு பெற்றதும் அம்மாவோடு சாத்தூருக்கே திரும்பிவிட்டார். நான் பிறந்ததும் படித்ததும் ஓசூரில். மனைவி தேன்மொழி கெலமங்கலத்துக்காரி. வேதியியலில் முதுகலை படித்தவள். கல்யாணமான கையோடு அவளை ஜெர்மனிக்கு அழைத்துப் போனேன். அங்கே முதல் வாரம் ஊர் அலுவலகத்தில் எங்களைப் பதிவு செய்தபோது, என்ன மதம் என்று கேட்டார்கள். இந்து என்றேன். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அந்தக் கட்டத்தில் இரண்டு சின்னக் கோடுகளைப் போட்டார். அங்கே சர்ச்சுக்கும் சம்பளத்திலிருந்து வரி பிடிப்பார்கள். வரி இல்லாத மதத்துக்குக் கோடு போதும். தேன்மொழி அதைப் பார்த்து அன்றைக்குச் சிரித்தாள். பிறகு மகள் கயல் பிறந்தாள். தேன்மொழியின் படிப்புக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை. மொழி வகுப்புக்குப் போனாள், குழந்தைக்காக நிறுத்தினாள், மறுபடி போனாள். போனில் ஊரோடு பேசும்போது மட்டும் அவள் குரல் உயரும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் கதவைத் தட்டி, ஏதாவது சண்டையா என்று விசாரித்தார். தக்காளி விலை பற்றி அண்ணனோடு பேசுகிறாள் என்று விளக்கினேன்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலை எங்கள் கம்பெனியிடம் கியர் வெட்டும் மெஷின்கள் வாங்கியது. அவற்றை நிறுவ என்னையும் யூர்கனையும் அனுப்பினார்கள். சில மாத வேலை என்பதால் தேன்மொழியையும் கயலையும் முன்கூட்டியே அனுப்பி, ராயக்கோட்டை சாலைப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தேன். சம்பளம் வழக்கம்போல ஜெர்மனியில்தான் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் வேலை முடியவில்லை. மெஷின் நின்ற தரை அதிர்ந்தது. கியரின் பல் ஒவ்வொன்றும் ஒரு தினுசாக வந்தது. தரையை உடைத்துப் புதிதாகப் போடச் சொல்லிவிட்டு யூர்கன் கிளம்பிவிட்டார். நான் தங்கினேன். சிமென்ட் காயக் காத்திருந்த நாட்களில் ஜெர்மனி அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அரை ஆண்டைத் தாண்டி இந்தியாவில் இருந்தால் அந்தச் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி கட்ட வேண்டியிருக்கும், அதற்குள் திரும்புவது நல்லது, உள்ளூர் ஆலோசகரைப் பார்க்கவும் என்று எழுதியிருந்தார்கள்.

சனிக்கிழமை தேன்மொழி, கயல், நான் மூவரும் கடைக்குப் போகிற வழியில் ஆடிட்டரைப் பார்த்தோம். உதவியாளரிடம் கன்னடம், போனில் தெலுங்கு, எங்களிடம் தமிழ் என்று மாற்றி மாற்றிப் பேசியவர், மூன்றிலும் ஒரே வேகத்தில் பேசினார்.

"வருசத்துல பாதிக்கு மேல இங்க இருந்துட்டீங்கன்னா நீங்க இந்த ஊரு ஆளு சார்."

"நான் பொறந்ததே இந்த ஊர்தாங்க."

"பொறந்தத யாரு கேட்டாங்க? இருக்கறதத்தான் கேப்பாங்க."

ஜெர்மனியில் வீடு அப்படியே இருக்கிறது, வாடகை கட்டுகிறேன் என்றேன். அப்படியானால் அந்த நாடும் என்னைத் தன் ஆள் என்று சொல்லும் என்றார். இரண்டு நாடும் சொன்னால்? அதற்கு இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கிறது. நிலையான வீடு எங்கே என்று முதலில் பார்ப்பார்களாம். இரண்டு இடத்திலும் வீடு இருந்தால், அந்த மனிதனுடைய வாழ்க்கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பார்களாம். வாழ்க்கை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வரி அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்று எனக்குப் புரியவில்லை. அதைத்தான் கேட்டேன்.

"சிம்பிள் சார். பொண்டாட்டி புள்ளைங்க எங்க இருக்காங்களோ அங்க" என்று சொன்ன ஆடிட்டர், தேன்மொழியைப் பார்த்து, "நீங்க எங்க மேடம் இருக்கப் போறீங்க?" என்றார்.

"நானும் பாப்பாவும் இங்கதாங்க இருக்கப் போறோம்" என்றாள் தேன்மொழி.

ஆடிட்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு தகவல். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்றேன். கயலுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்து அந்தப் பக்கம் உட்காரவைத்தோம்.

"என்ன தேனு, திடீர்னு இப்பிடிச் சொல்லிட்ட?"

"திடீர்னெல்லாம் இல்லீங்க. பேரிகை ரோட்டுல ஒரு கம்பெனியில லேப் வேலைக்கு எழுதிப் போட்டேன். போன வாரம் இன்டர்வியூ போயிட்டு வந்தேன். வரச் சொல்லிட்டாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லலாம்னுதான் தெனமும் பாத்தேன். நீங்க வரும்போதே சிமென்ட்டு, தரைன்னுட்டு வர்றீங்க." கயல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த லேபுல நொழைஞ்சதும் ஆசிட் வாசனை வந்துச்சு பாருங்க, அழுகையே வந்துடுச்சுங்க எனக்கு."

"அப்ப நான்?"

"நீங்களும் இருங்களேன். நான் போகச் சொல்லலையே."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் ஸ்கூட்டரை உதைத்தேன். அதுவும் கிளம்பவில்லை. அந்த வாரம் முழுவதும் ஒரு நாள் வேலையை விட்டுவிடலாம் என்று நினைப்பேன், மறுநாள் இவளுக்கு என்ன பிடிவாதம் என்று நினைப்பேன். ஓசூர்த் தொழிற்சாலை மேலாளரிடம் பேச்சுவாக்கில் வேலை பற்றிக் கேட்டும் பார்த்தேன். "நீங்க ஜெர்மனி ஆளு சார், எங்க சம்பளம் உங்களுக்குக் கட்டுமா?" என்று சிரித்தார். அதே வாய் சென்ற மாதம், "நம்ம ஊர்ப் பையன் வந்து மெஷின் போடறான்" என்று முதலாளியிடம் அறிமுகப்படுத்தியிருந்தது. புதிய தரை அதிரவில்லை. கம்பெனி சொன்ன கெடுவுக்குள் நான் கிளம்பினேன். இந்தியாவில் வரி கட்ட வேண்டியது இல்லை என்று ஆடிட்டர் போனில் வாழ்த்துச் சொன்னார். கயல் வாசலில் நின்று டாட்டா காட்டியபோது அந்த வாழ்த்துதான் நினைவில் வந்து உறுத்தியது.

ஜெர்மனியில் கையெழுத்துக்கள் பாக்கி இருந்தன. அங்கே மனைவியோடு வாழ்கிறவனுக்கு ஒரு வரி வகுப்பு, தனியாக இருப்பவனுக்கு இன்னொன்று. மனைவியும் மகளும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்று ஊர் அலுவலகத்தில் தெரிவிக்கப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்மணி, "கெட்ரென்ட்?" என்று கேட்டார். தனித்தனி என்ற பொருளில்தான் அந்தச் சொல்லை அறிந்திருந்தேன். கடையில் பில் போடும்போது தனித்தனியாகவா, சேர்த்தா என்று கேட்க இதே சொல்லைத்தான் சொல்வார்கள். அவள் அங்கே, நான் இங்கே, தனித்தனிதானே? ஆம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. ரொம்ப மென்மையாக, தனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது என்றார். காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். ஜெர்மானியர்கள் இவ்வளவு பாசமாக இருந்து நான் பார்த்ததில்லை. நன்றி சொல்லி, ஒன்றை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

யூர்கனிடம் சொன்னபோது அவர் காபியைக் கீழே வைத்துவிட்டார். கணவன் மனைவி விஷயத்தில் அந்தச் சொல்லுக்கு மணவாழ்க்கை முறிந்துவிட்டது என்று பொருளாம். மறுநாள் காலை ஓடினேன். நாங்கள் பிரியவில்லை, அவள் வேலைக்காக அங்கே இருக்கிறாள், தினமும் பேசுகிறோம் என்று தெரிந்த ஜெர்மன் முழுவதையும் கொட்டினேன். பெண்மணி பொறுமையாகக் கேட்டார். மகிழ்ச்சி என்றார். பிறகு, இதனால் வரி வகுப்பில் எந்த மாற்றமும் வராது என்றார். மனைவி ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தால் பிரிந்திருந்தாலும் சேர்ந்திருந்தாலும் கணக்கு ஒன்றுதானாம். வரி அட்டையில் நான் தனியாள். அப்படியானால் நேற்று ஏன் அதைக் கேட்டீர்கள் என்றேன். கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது என்றார்.

தேன்மொழியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "ஏங்க, நீங்க அப்பிடி நெனைக்கலதானே?" என்றாள். இல்லை என்றேன். சொல்லும்போது என் குரலில் இருந்த தயக்கம் எனக்கே கேட்டது.

இப்போது விடுமுறைக்கு ஓசூர் போனால் அவள் ஷிஃப்ட்டுக்குப் போகிறாள். நான் கயலைப் பள்ளிக்குக் கொண்டுவிடுகிறேன். கயல் தோழிகளோடு தெலுங்கில் சண்டை போடுகிறாள், ஜெர்மன் போய்விட்டது. அடுத்த ஆண்டு நான் வந்துவிடுவேன் என்று அவர்களும், அவர்கள் வந்துவிடுவார்கள் என்று நானும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் தேன்மொழியும் அதைப் பேசுவதில்லை.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு நான் சமைத்துச் சாப்பிடும்போது அங்கே ஓசூரில் இருட்டியிருக்கும். போனை ஒலிபெருக்கியில் போட்டு மேஜைமேல் வைத்துக்கொள்வேன். சென்ற வாரம் தேன்மொழி குக்கரை இறக்கிக்கொண்டிருந்தாள். கயல் ஏதோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். திடீரென்று அங்கே ஃபேன் சத்தம் நின்றது. தெரு முழுக்க, "ஓ" என்று பிள்ளைகள் கத்தினார்கள். "கரென்ட் போச்சு" என்றாள் கயல். இங்கே ஜன்னல் நிறைய வெயில். மேஜைமேல் தட்டு, தண்ணீர் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. நான் எழுந்து போய் சமையலறை இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தேன்.