மெட்டில்டா டீச்சரின் குரல்

மெட்டில்டா பதினெட்டு வருடமாகக் கணக்கு டீச்சர். பெருங்களத்தூர் பள்ளியின் மூன்றாவது மாடியில் அவர் பாடம் நடத்தினால் கீழே சைக்கிள் ஸ்டாண்டில் கேட்கும் என்பார்கள். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அவருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை.

போன வருடம் ஜூனில் தைராய்டு கட்டிக்காக ஆபரேஷன் நடந்தது. கண்விழித்ததும் கணவர் ஜெபராஜைக் கூப்பிட்டார். வெறும் காற்றுதான் வந்தது. குரல் நாண் ஒன்று அசையவில்லை, ஒரு வருடத்துக்குள் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். பள்ளியில் அவரை நூலகத்துக்கு மாற்றினார்கள்.

பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில், தினமும் அரைமணி நேரம் எதையாவது வாய்விட்டு வாசிக்கச் சொன்னார்கள். மெட்டில்டா பைபிளிலுள்ள சங்கீதப் பாடல்களை எடுத்துக்கொண்டார். காலை ஆறு மணிக்கு மொட்டைமாடி. ஒரு மூச்சுக்கு இரண்டு சொல் வரும். மூன்றாவதில் இருமல் முந்திக்கொள்ளும். பக்கத்து மாடியில் துணி உலர்த்தும் சந்திரிகா நின்று பார்த்துவிட்டுப் போவார்.

நாலு மாதம் ஒரு நாளும் விடவில்லை. அக்டோபரில் டாக்டர் மறுபடி பார்த்தார். "இன்னும் அசைவே இல்லம்மா."

வீட்டுக்கு வந்ததும் மெட்டில்டா வேதத்தை அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"எல்லாருக்காகவும் ஜெபிச்ச வாய் இது. இதைத்தானா எடுத்துக்கணும்?" என்று கிசுகிசுத்தார்.

ஜெபராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

நாலாம் நாள் சந்திரிகா கேட்டில் வந்து நின்றார். "இன்னா டீச்சர், மாடிப் பக்கமே காணோம்? ஒடம்பு சரியில்லையா?"

"என்னத்துக்குக்கா வாசிக்கணும்? யாருக்குக் கேக்குது?"

"எனக்குக் கேக்குதே! மொதல்ல ஒதடு அசையறதுதான் தெரிஞ்சுது. போன வாரம் 'ஆண்டவரே'ன்னு சொன்னது நல்லாவே காதுல விழுந்துச்சு."

மெட்டில்டா உள்ளே போய் அலமாரியிலிருந்து வேதத்தை வெளியே எடுத்தார்.

மறுநாள் காலை மாடிக்குப் போனார். துதி பாடும் மனநிலையில் இல்லை. அதனால் அழுகையும் முறையீடுமாக உள்ள சங்கீதங்களைத் தேடி வாசித்தார். தன்னைப் போலவே யாரோ ஒருவர், எத்தனையோ காலத்துக்கு முன்பு, கடவுளிடம் கோபித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அதற்காகக் கடவுள் அவரைத் துரத்திவிடவில்லை. இத்தனை வருடம் வாசித்தும் இது உறைக்கவில்லையே என்றிருந்தது. கோபத்தோடேயே வாசித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். அடுத்த நாளும் போனார்.

கிறிஸ்துமஸுக்குள் ஒரு மூச்சுக்கு ஐந்து சொல் வந்தது. மார்ச்சில் டாக்டர் தொண்டைக்குள் கேமரா விட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். நாண் லேசாக அசைந்துகொண்டிருந்தது. "ஸ்தோத்திரம்," என்றார் மெட்டில்டா. அறை முழுக்கக் கேட்டது.

இந்த ஜூனில் ஏழாம் வகுப்பு அவர் கைக்குத் திரும்ப வந்தது. குரல் பழையபடி இல்லை. கொஞ்சம் தடித்திருந்தது, ஓரத்தில் ஒரு கரகரப்பு. நாற்பது நிமிடம் பின்னங்கள் நடத்தினார். மணி அடித்ததும் ஆசிரியர் அறையில் போய் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்தார். சிரிப்பு வந்தது. ஜெபராஜ் போன் செய்தார்.

"எப்படிப் போச்சு?"

"பின்பெஞ்ச் ஒரே பேச்சு. ஒரு அதட்டு போட்டேன்."

"அடங்குச்சா?"

"அடங்குச்சுங்க," என்றார் மெட்டில்டா.