பத்து மிஷின்களும் என் ஆறு மாதமும்

எச்.ஆர். வேலை என்பது, முதலாளி அறைக்குள் நுழைந்தால் தொழிலாளியின் ஆளாகவும், தையல் கூடத்துக்குள் நுழைந்தால் முதலாளியின் ஆளாகவும் பார்க்கப்படுகிற வேலை. இதே நாற்காலியில் உட்கார்ந்து அவதிப்படுகிற நண்பர்களே, கீழே இருப்பதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். மீதிப் பாதி நடக்காமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சேர்ந்த அன்று

எனக்குச் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. நைனா விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அதனால் திருத்தணிக்கு வெளியே, அரக்கோணம் ரோட்டில், பள்ளிச் சீருடை தைக்கிற கம்பெனியில் வேலை கிடைத்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம். இது போய்விட்டால் வீட்டில் யாரிடமும் யோசனை கேட்க முடியாது. ஆபீஸ் வேலையை இழந்த அனுபவம்கூட எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

எங்கள் முதலாளி ஒரு பெண். எல்லோரும் மேடம் என்போம். கேட் வரை வந்து திருப்பி அனுப்பப்படுகிறவர்களைத் தினம் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை. புதிதாக வாங்கிய பத்து மிஷின்களில் அப்படிப்பட்டவர்களையே உட்கார வைப்பது என்று முடிவெடுத்திருந்தார். காது கேட்காதவர், கால் நடக்க முடியாதவர், திருநங்கை, பிள்ளை பெற்று நாலு வருஷம் வீட்டில் இருந்துவிட்டதால் கை மறந்திருக்கும் என்று மற்ற கம்பெனிகள் ஒதுக்கியவர்கள். ஆள் தேடுவது என் பொறுப்பு. ஆறு மாதம் அவர்களுக்கும் சோதனைக் காலம், எனக்கும் சோதனைக் காலம். பத்துப் பேரைச் சேர்த்துவிட்டால் என்னை நிரந்தரமாக்கிவிடுவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். மேடம் சொன்னார்:

"சேர்க்கறது பெரிசில்லப்பா. ஆறு மாசம் கழிச்சி நான் வந்து பாக்கும்போது அதே ஆளு அதே மிஷின்ல உக்காந்துகினு இருக்கணும். இல்லன்னா அவங்க இடமும் காலி, உன் இடமும் காலி."

சரிவுப் பாதை

முதலில் கிடைத்தவர் முருகேசன். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனவர். பள்ளிப்பட்டிலிருந்து மூன்று சக்கர ஸ்கூட்டரில் வருவார், இறங்கி ஊன்றுகோல் வைத்து நடப்பார். அவர் சேர்வதற்கு முன்பே வாசற்படிக்குப் பக்கத்தில் சிமென்டில் சரிவுப் பாதை போட்டு, கைப்பிடி வைத்து, மஞ்சள் பெயின்ட் அடித்து முடித்துவிட்டேன். போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். அன்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

முதல் நாள் காலையில் முருகேசன் அந்தப் பாதையில் ஏறி வந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். உள்ளே வந்தவர் சுற்றிலும் பார்த்தார், மேலே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பத்து மிஷின்களையும் நான் மாடியில் போட்டு வைத்திருந்தேன். மறுநாளே பேக்கிங் பிரிவை மேலே ஏற்றி மிஷின்களைக் கீழே இறக்கினோம். பேக்கிங் ஆட்கள் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. முருகேசன் மட்டும் கோபப்படவே இல்லை:

"பரவால்ல சார். கல்யாணத்துக்குக் கூப்புட்டு வாசல்ல பன்னீர் தெளிச்சீங்க. பந்தி எங்கன்னு கேட்டா மாடின்னுட்டீங்க."

பெல்

ரேவதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பத்துப் பேரில் அவளுக்குத்தான் கை வேகம். ஆனால் டீ பெல் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள், மற்றவர்கள் எழுந்த பிறகும் தைத்துக்கொண்டே இருப்பாள். "நல்ல பேரு வாங்கப் பாக்கறா" என்று இரண்டு பேர் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். இப்படியே போனால் ஒரு மாதத்தில் அவள் நின்றுவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பெல் அடிக்கும்போது கூடவே எரிகிற மாதிரி ஒரு சிவப்பு பல்பை அவளுக்கு எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னேன்.

பல்பு எரிந்த முதல் நாள், ரேவதி சட்டென்று எழுந்தாள். அவளோடு மொத்தக் கூடமும் ஒரே நேரத்தில் எழுந்தது. இதுவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எப்போதும் ஒரு மூலையில் ஆரம்பித்து மெதுவாக அலை மாதிரிதான் எழுவார்கள். ஏன் என்று லைன் சூப்பர்வைசர் தேவி அக்காவைக் கேட்டேன். இந்தக் கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்ப்பவர்.

"இத்தினி மிஷின் சத்தத்துல எங்களுக்கு மட்டும் பெல்லு கேட்டுதா சார்? பக்கத்துல இருக்கறவ எழுந்தா நாங்களும் எழுந்துக்குவோம், அவ்ளோதான்."

மூன்றாவது போர்டு

செல்வி திருநங்கை. காலர் தைப்பதில் கெட்டிக்காரி. அவர் சேர்கிறார் என்றதும் எனக்குக் கழிப்பறைக் கவலை பிடித்துக்கொண்டது. யாருக்கும் சங்கடம் வரக் கூடாது என்று பழைய ஸ்டோர் ரூமைக் கழிப்பறையாக மாற்றத் திட்டம் போட்டேன். தனி போர்டு, தனிச் சாவி என்று படமே வரைந்துவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மனசு புண்படுமோ என்ற பயம்தான் காரணம். கடைசியில் தேவி அக்காவிடம் படத்தைக் காட்டினேன். அவர் அதை அப்படியே செல்வியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

செல்வி படத்தை மடித்துக்கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்தார். பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் உடைந்து எட்டு மாதம் ஆகிறதாம். ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். செல்வி வந்த இரண்டாம் நாளிலிருந்தே மற்றவர்களுக்கு அவரும், அவருக்கு மற்றவர்களும் கதவு பிடிக்கிறார்கள். ஆண் எச்.ஆரிடம் போய் இதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"எனக்குத் தனியா கட்டறத வுடுங்க சார். இருக்கறதுக்கு ஒரு தாப்பா போட்டுக் குடுங்க, நாப்பது பொம்பளைங்க உங்களை வாழ்த்துவோம்."

நோக்கம்

சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். வேலைக்கு ஒரு நோக்கம் இருந்தால் ஆட்கள் விட்டுப் போக மாட்டார்கள் என்று மேடத்துக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பயிற்சியாளர் வெள்ளைப் பலகையில் 'நமது நோக்கம் என்ன?' என்று எழுதிவிட்டு எல்லோரையும் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பலகையைப் பார்த்தேன். கடைசியில், சட்டைப் பை தைக்கிற முருகேசன் கையைத் தூக்கினார்:

"பாக்கெட்டு அடியில ரெட்டைத் தையல் போடணும் சார். இல்லன்னா பசங்க பென்சிலு கீழ வுழுந்துடும், வாத்தியாரு அடிப்பாரு."

கும்பிட்ட கைகள்

நாலாவது மாதம் ஆடிக் கிருத்திகை வந்தது. அந்த நாட்களில் திருத்தணி ரோடெல்லாம் காவடிகளுக்குத்தான் சொந்தம். வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். என் பத்துப் பேரில் நாலு பேர் ஆந்திராவில், நகரிப் பக்கம். பிள்ளை பெற்று வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்காகவே ஒரு வேன் விட்டிருந்தோம். மூன்று நாளைக்கு வேன் நகரி பஸ் ஸ்டாண்டுக்கு வராது, ஊருக்கு வெளியே பெரிய ரோட்டில் ஒரு மணி நேரம் முன்னதாக நிற்கும், லீவு வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் ரிஜிஸ்டரில் பெயர் எழுத வேண்டும் என்று நோட்டீஸ் தயாரித்தேன். அழகாக இருக்கட்டும் என்று மேலே பெரிதாக முருகன் படமும் வேலும் போட்டேன். கேட்டில் ஒட்டினேன், வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். நாலு பேரும் உடனே கும்பிட்ட கை படம் போட்டார்கள். நோட்டீஸ் சேர்ந்துவிட்டது என்று ஃபைலில் குறித்துக்கொண்டேன்.

நாலு பேரும் மூன்று நாள் வரவில்லை. வேன் டிரைவர் போன் செய்து சொன்னார். மலைக்குப் போயிருப்பார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். ஒரு போன் போட்டிருக்கலாம், போடவில்லை. சோதனைக் காலத்தில் சொல்லாமல் மூன்று நாள் வராவிட்டால் பெயரை நீக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. நாலு கடிதம் டைப் அடித்தேன். நாலு பேர் போனால் மீதி ஆறு. என் கதையும் அதோடு முடிந்தது.

நாலாம் நாள் காலையில் நாலு பேரும் தலை நிறையப் பூவோடு கேட்டில் வந்து இறங்கினார்கள். பெயர் நீக்கப் போவதைக் கேள்விப்பட்டிருந்த வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. நான் ஓடினேன். "நோட்டீஸ் அனுப்பினேனே, நீங்களும் பார்த்துட்டுக் கும்பிடு போட்டீங்களே!" என்றேன். நாலு பேரில் மூத்தவரான கஜலட்சுமி என்னை ஒரு மாதிரி பார்த்தார். எங்களையெல்லாம்விட நல்ல தமிழ் பேசுகிறவர்.

"முருகர் படம் போட்டு அனுப்பினா கும்புடாம வேற இன்னா பண்ணுவாங்க தம்பி? கீழ இருந்ததுலாம் கிருத்திகை வாழ்த்துன்னு நெனச்சோம், வேனு வரலன்னதும் லீவுன்னு நெனச்சோம். எங்களுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிச்சதுலாம் தெலுங்கு."

வெள்ளிக்கிழமை தேதி

நண்பர்களே, இதில் என் வெட்கத்தை நீங்கள் முழுதாகப் புரிந்துகொள்ள ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. நான் நைனாவோடு தெலுங்கில்தான் சண்டை போடுவேன். ஆனால் ஒரு தெலுங்கு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்றால் என்ன என்று இந்தக் கம்பெனியில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்றால் அது எனக்குத்தான். அவர்கள் நாலு பேரின் விண்ணப்பத்திலும் தெலுங்குக் கையெழுத்து இருக்கிறது. அதை ஃபைல் பண்ணியவனும் நான்தான்.

தேவி அக்கா லீவு ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் நாலைந்து வரி காலியாக இருந்தது. "நாலு பேரையும் இப்போ எழுதச் சொல்லு. வெள்ளிக்கிழமை தேதி போட்டுடு. அவங்க வேலையும் நெலைக்கும், உன் வேலையும் நெலைக்கும். யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றார். பேனாவைக் கையில் எடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எழுதிவிட்டால், அவர்கள் நோட்டீஸைப் படித்தார்கள் என்றுதான் ரிஜிஸ்டர் சொல்லும். அடுத்த நோட்டீஸும் தமிழில் மட்டுமே வரும். அடுத்த முறை யாரும் காப்பாற்ற முடியாது. நாலு பேரையும் கேட்டுக்குள் மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, ரிஜிஸ்டரையும் நாலு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன்.

"அவங்க தப்பு இல்ல மேடம், நான் பண்ண தப்பு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் விண்ணப்பங்களைக் கொண்டுவரச் சொல்லி, அந்தத் தெலுங்குக் கையெழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது. "நானும்தான் பாத்துட்டுப் போட்டிருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னார். நாலு கடிதங்களையும் என்னையே கிழிக்கச் சொன்னார். அவர்களை உள்ளே அனுப்பச் சொன்னார். அப்போ என் ஆறு மாதம் என்று கேட்டேன்.

"அது ஓடிகினுதான் இருக்குது. ஆனா இனிமே 'நோட்டீஸ் ஒட்டிட்டேன்'னு வந்து நிக்காத. 'புரிஞ்சிது'ன்னு அவங்க சொன்னதை வந்து சொல்லு."

இரண்டு மொழி நோட்டீஸ்

அடுத்த நோட்டீஸை நான் தெலுங்கில் சொல்லச் சொல்ல கஜலட்சுமி எழுதினார். முடித்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தமிழில் ஐந்து வரி, தெலுங்கில் எட்டு வரி. தெலுங்கு கொஞ்சம் நீளும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் பட்டபாடு நினைவிருந்ததால், டீ நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னேன். ஆறாவது வரி வந்ததும் நகரிப் பெண்கள் மூன்று பேரும் கை தட்டினார்கள். இதை நான் சொல்லவே இல்லையே என்றேன்.

"கேன்டீன் சோத்துல கல்லு வருதுன்னு எழுதி இருக்கேன் தம்பி. நோட்டீஸுன்னா நீங்க மட்டுமே பேசிகினு இருப்பீங்களா?"

மேடம் வந்து பார்த்த நாள்

ஆறு மாதம் முடிந்த அன்று காலை பத்து மணிக்கு மேடம் கூடத்துக்கு வந்தார். நான் பின்னாலேயே போனேன். முருகேசன் தலையைத் தூக்காமல் பை தைத்துக்கொண்டிருந்தார். ரேவதி மேடத்தைப் பார்த்துச் சிரித்தாள். செல்வி ஒரு காலரைத் தூக்கிக் காட்டினார். நகரிப் பெண்கள் நாலு பேரும், மற்ற இரண்டு பேரும் இருந்தார்கள். கடைசி மிஷின் மட்டும் காலி. அதில் இருந்த பெண் போன வாரம்தான் கல்யாணமாகி வேலூருக்குப் போயிருந்தாள். போவதற்கு முன்பே சொல்லிவிட்டு, லட்டும் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அதைச் சொல்லலாமா, சாக்குச் சொல்கிற மாதிரி இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. மேடம் அந்தக் காலி மிஷினுக்கு எதிரே நின்றார். அதன் மேல் விரலால் தடவி, ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டார். அவர் என் பக்கம் திரும்பினார்:

"ஒரு வாரமா மிஷினு சும்மா கெடக்குது, நீ இன்னும் ஆள் தேடாம என் பின்னாடி சுத்திகினு இருக்க? சாயங்காலம் ஆர்டர் வாங்கிக்கோ, நாளையிலருந்து நீ பெர்மனென்ட், போய் வேலையைப் பாரு."

எல்லோருக்கும் இடமுள்ள கம்பெனி என்பது, எச்.ஆர். செய்கிற தப்புகளை அங்கே வேலை செய்கிறவர்கள் பொறுமையாக ஒவ்வொன்றாகத் திருத்தி முடித்த பிறகு மிஞ்சுவதுதான் என்றால், எங்கள் கம்பெனி அந்த நிலையை எட்டுவதற்குத் தேவையான அளவு தப்புகளைச் செய்ய இப்போது எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது.