சுண்ணாம்புச் சுவரில் இருந்த கை

அன்னூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இருக்கும் பழைய சர்ச் கட்டடத்தைக் கட்டியதே என் அப்பாதான். சரி, பொய். கட்டியது எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும். அப்பா சுண்ணாம்பு சுமந்தார். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். இன்னொரு பொய் சொன்னால் பேனாவை மூடிவிடுவாளாம்.

தோட்டத்து வேலை முடிந்து வந்து, கருங்கல்லும் செம்மண்ணும் வைத்து எழுப்பிய சுவர். கடுக்காய்த் தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புப் பூச்சு. மேலே நாட்டு ஓடு. சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். பிரசங்கத்தில் நான் தூங்கியதற்கு அதுதான் காரணம்.

கட்டியவர்களுக்குப் பெயர் எழுதத் தெரியாது. அதனால் பூச்சு காய்வதற்குள் வாசலை ஒட்டிய உட்சுவரில் ஆளுக்கொரு கையைப் பதித்துவிட்டார்கள். அப்பாவுக்குச் சுண்டுவிரல் கிடையாது, கரும்பு ஆலையில் போய்விட்டது. அவர் கையைச் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். அவர் செத்தபோது வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. எனக்கென்று மிச்சமிருந்தது அந்தக் கைதான். ஞாயிற்றுக்கிழமை அதன்மேல் என் கையை வைத்துவிட்டுத்தான் போய் உட்காருவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால், வருடா வருடம் சுண்ணாம்பு அடித்து மாளவில்லை என்று சபையில் சிமெண்ட் பூச முடிவெடுத்தார்கள். சிமெண்ட் பிடிக்க வேண்டுமானால் பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும் என்பது, மேஸ்திரி உளியோடு வந்து நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஓடிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"மேஸ்திரி, இந்த ஒரு கைய மட்டும் உட்டுருங்க."

"ஏனுங்க, காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று மேஸ்திரி சிரித்தார்.

எழவு வீட்டிலேயே ஆட்களைச் சிரிக்க வைப்பவன் நான். அவர் வேறு எப்படி நினைப்பார்?

"நெசமாத்தானுங்க சொல்றேன். எங்கப்பன் கைங்க அது."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டி, பக்கத்தில் நின்றவளைக் கூப்பிட்டாள். "இங்க பாருங்க அம்மணி, கண்ணுல தண்ணியே வர வெச்சுட்டாரு!"

போதகர்கூடச் சிரித்துக்கொண்டே, "தள்ளி நில்லுங்கண்ணா, அவரு வேலையப் பாக்கட்டும்" என்றார். இரண்டு பேர் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஓரமாக நிறுத்தினார்கள். அவர்களும் சிரித்தார்கள். உளி விழுந்தது. கீழே கிடந்த காரையைப் பொறுக்கிப் பார்த்தேன். எது விரல், எது வெறும் சுண்ணாம்பு என்று தெரியவில்லை.

சாயங்காலம் சிமெண்ட் ஈரமாக இருந்தபோது அதே இடத்தில் என் கையைப் பதித்தேன்.

"உங்க குசும்பு அடங்காதுங்களா?" என்ற மேஸ்திரி, கரண்டியால் ஒரே இழுப்பில் அதை அழித்துப்போட்டார்.

இப்போது அந்தச் சுவரைத் தடவினால் வழுவழுவென்று இருக்கிறது. வெயில் காலத்தில் உள்ளே உட்கார முடிவதில்லை. யார் மேலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்றைக்கு ஒரே ஒரு ஆளாவது சிரிக்காமல் என் முகத்தைப் பார்த்திருந்தால்...

வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். "ஏனுங்க, கல்யாண ஊட்ல எல்லாரும் உம்முன்னு உக்காந்திருக்கறாங்க. நீங்க வந்தாத்தானுங்க கலகலப்பு!"

வாரேனுங்க.