வெண்கலத்தார் வீட்டம்மா

தலைநகரத்துக்கு ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு அப்போதெல்லாம் வெண்கலத்தாரைத் தெரியாமல் இருக்காது. குரலுக்காக வந்த பட்டம் அது. பழைய அரண்மனையின் அரியணைக் கூடத்தில் நின்று "இங்கேதாங்க ராஜா உக்காந்து தீர்ப்புச் சொன்னாரு" என்று அவர் ஆரம்பித்தால், மைக்கே இல்லாமல் வெளியே தோட்டத்தில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். காலையில் அரண்மனை, பிறகு மணிக்கூண்டு, மதியம் ஓவியக் கூடம், சாயங்காலம் ஆற்றில் படகு. பல வருஷமாக இதே சுற்றுதான். அவருக்கு ஒரு நாளும் சலித்ததில்லை.

அந்தக் குரல்தான் ஒரு நாள் கம்மியது. சளி என்று நினைத்து வெந்நீரில் கொப்பளித்துப் பார்த்தார். கேட்கவில்லை. டாக்டரம்மா தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, உள்ளே சின்னக் கட்டி என்றார். பயப்படும்படி ஒன்றுமில்லை, அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கண்டிப்பாகச் சொன்னார்: "மூணு மாசம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது."

ஊரே விடுமுறைக்குக் கிளம்பி வரும் நேரம் அது. சுற்றுலாக் கம்பெனியின் முதலாளியம்மா வெண்கலத்தாருக்குப் பதில் வேறு ஆளைத் தேட ஆரம்பித்துவிட்டார். கம்பெனி ஆபீசில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவரைத் தாண்டி, கூட வந்திருந்த மனைவிதான் பேசினாள்.

"அவரு கூடவே வரட்டும் மேடம். நான் பேசுறேன்."

அவளுக்கு மைக் புதிதில்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தாள். நகரத்தில் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டிருப்பார்கள். முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை. அரண்மனைக் கதையும் அத்துப்படி. ராத்திரிச் சாப்பாட்டோடு தினமும் அதையும்தானே அவர் பரிமாறினார்?

முதலாளியம்மா சிரித்துவிட்டார். "வழிகாட்டி பேட்ஜ் போட்டவர் கூட இருக்கணும், அவ்வளவுதான் விதி. யாரு பேசணும்னு அதுல இல்லை. ஒரு வாரம் பாருங்க."

முதல் நாள் அவள் புதுச்சேலை கட்டிக்கொண்டு கூட்டத்தின் முன்னால் நின்றாள். மைக்கைப் பிடித்ததும் பழைய வேலை நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அரியணைக் கூடம் இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வெண்கலத்தார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்த அறையில் இன்னும் மோசம். "மூத்த ராஜா இந்தக் கட்டில்லதான் கண்ண மூடினாரு" என்றாள். வெண்கலத்தார் இரண்டு கையையும் ஆட்டினார். கடிவாளத்தைப் பிடிப்பதுபோல் பிடித்து, குதித்துக் குதித்து ஓடி, தரையில் பொத்தென்று விழுந்து நாக்கைத் தொங்கப்போட்டார்.

"என்னங்க, குதிரையா? ஓ, குதிரையிலேருந்து விழுந்து போய்ச் சேர்ந்துட்டாராம். அப்ப கட்டில்ல போனது யாரு?"

அவர் பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் கையை ஆட்டிக் காட்டிவிட்டு மீசையைத் தடவி, இல்லாத தட்டிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வாயில் திணித்துக் காட்டினார்.

"மகனா? தின்னே போனாரா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காவலுக்கு நின்றவர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "ஊரு சிரிக்குது. நாளைக்கு நான் வரலை." அவர் எதிரே உட்கார்ந்து பலமாகத் தலையாட்டினார். "தலைய ஆட்டாதீங்க. வாயிருந்தா என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். சிரிக்கத்தானே லீவு போட்டு வந்திருக்காங்கன்னு சொல்லுவீங்க." அவர் மேலும் பலமாக ஆட்டினார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து இருவரும் ஒரே ஆள் மாதிரி ஆனார்கள். அவள் சொல்ல, அவர் நடித்தார். ராணி அறை வந்தபோதுதான் அவர் அசந்துபோனார். வழக்கமாக அங்கே வெள்ளிக் கண்ணாடியின் எடையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அவளோ அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இவ்வளவு பெரிய ரூமுல ஒரு ஜன்னல்கூட இல்லை பாருங்க. இந்தம்மாவுக்கு வெளிய மழை பேஞ்சா எப்படித் தெரிஞ்சிருக்கும்?" யாரோ ஒரு பெண் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். வெண்கலத்தார் தன் மனைவியை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

சேதி பரவியது. ஓட்டல் வரவேற்பறைகளில் "அந்தப் புருஷன் பொண்டாட்டி இருக்காங்களே, அவங்கதான் வேணும்" என்று கேட்டார்கள். ஒரு வாரம் என்று சொன்ன முதலாளியம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மூன்று மாதம் கழிந்து டாக்டரம்மா பேசச் சொன்னார். குரல் வந்தது, வெண்கலம் வரவில்லை. கொஞ்சம் கரகரப்பாக, ஒரு சின்ன அறைக்குப் போதுமானதாக இருந்தது. முதல் நாள் தனியாகப் போனார். வாசலிலேயே ஒருவர் கேட்டார்: "அந்தம்மா வரலையா சார்?" சுருக்கென்றது. அன்றைக்கு முழுக்க அது முள்ளாக உறுத்தியது. ஆனால் ராணி அறையில் நின்று, எடையைச் சொல்ல வாய் வராமல் அவள் கேட்ட கேள்வியையே கேட்டபோது உறுத்தல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வழிகாட்டிப் பரீட்சைக்கு உன் பேரக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"எனக்கா? இந்த வயசுலயா?"

"ராஜாக்கள மட்டும் மாத்தாம சொல்லு. மத்ததெல்லாம் உனக்குத் தானா வரும்."

பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் ராஜா வரிசையை ஒப்பிக்க வைத்தார். பரீட்சையன்று அதிகாரிகள் அவளை அரண்மனைக்குள் கூட்டிப்போக, அவர் வெளி வாசலில் தவித்தபடி உலாத்தினார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டதும்தான் மூச்சு வந்தது. அதிகாரிகளே சிரிக்கிறார்கள் என்றால் கவலை இல்லை.

இப்போது இருவருக்கும் தனித்தனிப் பேட்ஜ். கரகரத்த குரலுக்கு ஏற்றதென்று அரண்மனைக்கு எதிரிலேயே இருக்கிற ஓவியக் கூடத்தை அவர் எடுத்துக்கொண்டார். அங்கே மெதுவாகப் பேசினால்தான் மரியாதை. அரண்மனை அவளுடையது. விடுமுறை நாளில் அவள் பின்னால் போகும் கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும். ஓவியம் பார்க்க வந்தவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "யாரு சார் அவங்க, இவ்வளவு கூட்டம்?" என்று கேட்பதுண்டு.

"என் சம்சாரம்" என்பார் வெண்கலத்தார், நெஞ்சை நிமிர்த்தி. கேட்காதவர்களிடமும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த ஓவியத்துக்கு நகர்வார்.