நடுவில் இரண்டு விரல் மண்

அனுராதா மண்ணை நறுக்கிக்கொண்டிருக்கிறார். கொல்கத்தாவில் டாக்குரியா ரயில் நிலையத்தைப் பார்த்த பால்கனியில் செய்தித்தாளை விரித்து, வயலில் குத்தி இறக்கிய இரும்புக் குழாயிலிருந்து தள்ளி எடுத்த களிமண் உருளையை, வாழைத்தண்டு நறுக்குவது போல வில்லை வில்லையாக. ஒவ்வொன்றையும் முகர்ந்து வேறு பார்ப்பார். "மோந்து பாத்தா ஒண்ணும் தெரியாதுண்ணா. ஆனா மோக்காம விடவும் முடியல." கீழ்வீட்டுக்காரனான எனக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூத்து பழகிவிட்டது. துவைத்துக் காயப்போட்ட என் வேட்டியில் புழுதி விழுவதுதான் இன்னும் பழகவில்லை.

ஜாதவ்பூர் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் மண் வேதியியல் அவர் வேலை. வீட்டில் தமிழ், மீன்காரரிடம் வங்காளம், கோபம் வந்தால் இரண்டும். கலப்பை என்று வாயைத் திறந்தால் தொலைந்தோம். புரட்டிப் போட்டால் காற்றுப் புகுந்து மண்ணின் மட்குச் சத்து கரைந்துவிடும், உழாமல் விட்டால் தங்கும் என்று லிஃப்டிலேயே வகுப்பு நடக்கும். "வீட்ட வருஷா வருஷம் தலகீழாப் பொரட்டினா யாரு குடியிருப்பா? மண்ணுக்குள்ளயும் குடித்தனம் நடக்குதுல்ல?"

அவர் பேச்சை நம்பிக் கலப்பையை ஓரங்கட்டியவர், சோனார்பூர் தாண்டி ஒரு கிராமத்து விவசாயியான நிமாய். நெல், அடுத்து மைசூர்ப் பருப்பு, எல்லாம் உழாத நிலத்தில். விதையையும் உரத்தையும் ஒரு கருவி சேர்த்தே மண்ணுக்குள் இறக்கிவிடும். சில வருடம் நன்றாகவே விளைந்தது. இந்தக் குளிர்காலத்தில் செடி மஞ்சளாகிக் குறுகிவிட்டது. இன்னொரு போகமும் இப்படிப் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கொல்கத்தாவில் காவலாளி வேலைதான் தேடவேண்டும் என்று போனில் அழாத குறையாகச் சொன்னாராம்.

ஆய்வுக்கூடத்துச் சோதனையிலோ மண்ணில் குறையே இல்லை. விதை சரியில்லை என்று எழுதி முடித்துவிடலாம் என்றார்கள். அனுராதாவுக்கு மனசு ஆறவில்லை. வழக்கமாக ஒரு சாண் ஆழத்து மண்ணை ஒன்றாகக் கலந்துதான் சோதிப்பார்கள். கலக்காமல் நறுக்கிப் பார்த்தார். மேலே நல்ல மண், கீழேயும் நல்ல மண், நடுவில் இரண்டு விரல் மட்டும் கடும் புளிப்பு, அதாவது அமிலம். வருடக்கணக்கில் உரம் அதே ஆழத்தில் இறங்கியிருக்கிறது, புரட்டாத மண்ணில் அந்தப் புளிப்பு அங்கேயே தங்கியிருக்கிறது. வேரும் அங்கேதான். "நெலத்து மேல தப்பு இல்லண்ணா. நான் தோண்டிப் பாத்த விதம் தப்பு."

மருந்து சுண்ணாம்பு. மேலே தூவினால் அது இறங்க வருடங்கள் ஆகும். உடனே சேர்க்க ஒரே வழி, உழுவது. உழுதால், அதே நிலத்தில் அவர் நடத்திவந்த இத்தனை வருட ஆராய்ச்சி அதோடு போச்சு. ஆராய்ச்சிக்காக நிமாயை இரண்டு போகம் பொறுக்கச் சொல்லுங்கள் என்று மேலதிகாரி கேட்டுப் பார்த்தார். "அவங்க வீட்டு அடுப்ப அணைச்சு வச்சிட்டு நான் என்னத்தக் கண்டுபிடிக்கிறது?" என்று சொல்லிவிட்டு வந்தாராம். எனக்கு அவர் மேல் மரியாதை கூடிய நாள் அது.

போன வாரம் நிமாயின் வயலுக்கு நானும் கூடப் போனேன். வரப்பு முழுக்க வேடிக்கை பார்க்கிற கூட்டம். வயலில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. உழுகிற பவர் டில்லர் உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுகிறவர் நிமாயைப் பார்த்தார். நிமாய் தலை குனிந்து, அக்கா என்ற பொருளில், "தீதி, நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

அனுராதா செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினார். 'உழாத நிலம்' என்று வங்காளத்தில் எழுதி நட்டிருந்த பலகையை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டில்லருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.