பம்பாய்க்காரர் பறந்து வந்த நாள்

விமானத்தில் ஏறி இத்தனை மணி நேரத்தில் வந்து இறங்கினேன் என்று யாராவது பெருமை பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பேசுகிறவர்கள்மேல் குற்றமில்லை. என் வயிற்றெரிச்சல் அப்படி.

ஐம்பதுகளில் நானும் என் தங்கையும் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தோம். தங்கைக்குத் தலைப்பிரசவம். விடியற்காலையில் வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, போடி ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் ஆச்சு என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

தோட்டத்து ஜீப்பு அப்போதுதான் ஏலக்காய் மூட்டைகளோடு புறப்பட நின்றது. தங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனேன். அவள் சேலையில் ரத்தத்தைப் பார்த்ததுமே டிரைவர் குறுக்கே வந்து நின்றான்.

"ஏத்த முடியாதுக்கா. காய் சட்டுனு வாடையப் பிடிச்சுக்கிரும். பம்பாய்க்காரரு மோந்து பாத்துத்தான் வாங்குவாரு. ரத்த வாடை அடிச்சா மொதலாளி என் தோலை உரிச்சிருவாரு."

அவன் சொன்னது பொய்யில்லை. ஏலக்காய் ஏற்றும் வண்டியில் சீமெண்ணெய் டின்னைக்கூட வைக்க மாட்டார்கள். அதற்காக?

"காய்க்கு இருக்குற மரியாதை எந்தங்கச்சிக்கு இல்லையாடா? நீயும் ஒரு ஆத்தா வயித்துலதான பொறந்த?" நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான், பாவி.

தங்கையைக் கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டி, நாலு பேர் குறுக்குப் பாதையில் தூக்கினார்கள். மழை பெய்த சறுக்குப் பாதை. இறக்கி இறக்கி வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் "இன்னும் எம்புட்டு தூரம்க்கா?" என்று கேட்டாள். "இந்தா வந்துருச்சு ஆத்தா" என்று புளுகிக்கொண்டே வந்தேன். மலையடிவாரத்து முந்தலுக்கு வருமுன்னே கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவள் உயிரைத்தான் காப்பாற்ற முடிந்தது. ஆண்பிள்ளை. அழவே இல்லை.

அங்கிருந்து நேரே முதலாளி ஏலக்காய் அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்குப் போனேன், சண்டை போடத்தான். வாசலில் என்னைப் பார்த்தவர், நடந்தது எதுவும் தெரியாமல், வாயெல்லாம் பல்லாகப் பேசினார்.

"வா, வா. நம்ம பம்பாய் ஐயாவப் பாரு. பம்பாய் எங்க கெடக்கு, போடி எங்க கெடக்கு? நேத்துக் காலையில அங்க பிளேன் ஏறுனவரு மத்தியானச் சோத்துக்கு மதராசுல எறங்கிட்டாரு. ராத்திரி ரயிலப் பிடிச்சு இங்கிட்டு வந்துட்டாரு. நம்ம காயும் சளைச்சதில்ல, வெரசா எறங்கிருச்சு."

பம்பாய்க்காரர் அவிழ்த்த மூட்டையிலிருந்து ஒரு கை காயை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். நல்ல வாசனை என்று தலையாட்டினார்.

நேரே நடந்துபோய், தங்கையின் ரத்தம் காயாத என் சேலையோடு, அந்த மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன்.